ரிவர்ஸ் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஏ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி நேரத்தின் ஒரு பகுதியும் கடைசியில் தரப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 30 வருஷத்துக்கு மேல் லெட்ஜரோடு வாழ்ந்தவன். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு கியர்பாக்ஸ் பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போன ஒரு வருஷத்தில் நம் பேஸ்மென்டில் மூன்று ஆட்டோமேட்டிக் கார்கள் ரிவர்ஸ் போகாமல் நின்றன. மூன்றுமே பழைய வண்டிகள். மூன்றிலும் கியர்பாக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை பிரித்துக் கட்டப்பட்டது, அதாவது ஓவர்ஹால் ஆனது. அதில் ஒன்று என்னுடையது. மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் என்னோடு உட்கார்ந்து பில்லைப் புரட்டியவர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லவில்லை.

நம் குடியிருப்பில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் பலர் என் வயதுக்காரர்கள். இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்காது. பென்ஷன் பணத்தில் புது வண்டி வாங்க மனசு வராது. அதனால் இருக்கிற வண்டியையே சரி செய்து ஓட்டுகிறோம். ஓவர்ஹாலுக்கு ஒருமுறை பெரிய தொகை கொடுத்தாகிவிட்டது. ஒரே மாதத்தில் ரிவர்ஸ் போய்விட்டால், "மறுபடியும் இறக்கணும் சார், வால்வு பாடி மாத்தணும் சார்" என்று இன்னொரு பெரிய தொகை கேட்பார்கள். அப்போது என்ன செய்வது? இதுதான் இன்றைய விஷயம்.

நான் சொல்லப் போவதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: செலவில்லாத சோதனைகள் எல்லாவற்றையும் முடித்து, முடிவைத் தாளில் எழுதிய பிறகுதான் கியர்பாக்ஸ் கீழே இறங்க வேண்டும்.

ரிவர்ஸ் மட்டும் ஏன் முதலில் போகிறது?

டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. அது ஆயிலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. அந்த ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. எந்தெந்தக் கட்டு பிளேட்டுகள் பிடிக்கின்றன என்பதைப் பொறுத்து கியர் மாறுகிறது. நாம் லீவரை நகர்த்தும்போது கேபிள் வழியாக உள்ளே ஒரு வால்வு நகர்கிறது. அது ஆயிலுக்கு வழியைத் திறந்துவிடுகிறது.

முன்னால் போகும்போது முதல் கியரில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அங்கே ஒன்வே கிளட்ச் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கம் சுற்றும், மறுபக்கம் சுற்றாமல் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதற்கு ஆயில் அழுத்தம் தேவையில்லை. அதனால் உள்ளே ஒரு சீல் கொஞ்சம் கசிந்தாலும் வண்டி முன்னால் போய்விடும்.

ரிவர்ஸில் அந்த உதவி கிடையாது. பிஸ்டனும் பிளேட்டும் மட்டுமே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ரிவர்ஸில் வரும் திருகு விசையும் அதிகம். அதனால்தான் பல பெட்டிகளில் 'டி'யில் இருப்பதைவிட 'ஆர்' போட்டதும் ஆயில் அழுத்தம் கணிசமாக உயரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அழுத்தம் உயர்ந்தால் நைந்த சீல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கடைசியில் கையிருப்பு குறைவாக இருக்கும்போது பெரிய செக் வந்து நிற்பது போல. சின்னச் செக்குகள் எல்லாம் பாஸாகும், பெரியது திரும்பிவிடும்.

எந்த மாதிரி 'போகவில்லை'?

"ரிவர்ஸ் போகலை" என்று சொன்னால் போதாது. நான்கு விதம் இருக்கிறது. எது நம்முடையது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, 'ஆர்' போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. உள்ளே பிடிமானம் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு, 'ஆர்' போட்டால் என்ஜின் திணறுகிறது, யாரோ வண்டியைப் பிடித்து வைத்திருப்பது போல. இங்கே பிடிமானம் இல்லாமல் இல்லை, தேவையில்லாத ஒன்றும் சேர்ந்து பிடிக்கிறது. முன்னால் போவதற்கான கிளட்ச் விடவில்லை என்றால் இப்படி ஆகும். அப்படியானால் 'என்'னில் வைத்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். ஆனால் அதற்கு முன் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் பின் சக்கரத்து டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். பாவம், பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

மூன்று, ரிவர்ஸ் விழுகிறது, ஆனால் தாமதமாக. லீவரைப் போட்டு நாம் ஒரு மூச்சு விட்ட பிறகு 'டக்' என்று பிடிக்கிறது.

நான்கு, ரிவர்ஸ் ஒழுங்காகப் பிடிக்கிறது, ஆனால் 'தட்' என்று பலத்த சத்தம். இதில் என்ஜின் மவுன்ட்டையும் ஐடில் வேகத்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸில் என்ஜின் எதிர்ப்பக்கம் சாயும். ரப்பர் கிழிந்த மவுன்ட் அப்போதுதான் சத்தம் போடும்.

இதோடு இன்னொரு குறிப்பும் வேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போது போகவில்லையா, ஓடிச் சூடான பிறகு போகவில்லையா? ரப்பர் சீல் இறுகிப் போயிருந்தால் குளிரில் பிடிக்காது, சூடானதும் இளகிப் பிடிக்கும். நேர்மாறாக, சூடான பிறகு நழுவினால் ஆயில் நீர்த்து எங்கோ ஓர் இடுக்கில் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வண்டி அவரிடம் போகும்போது சூடாகத்தான் போகிறது. காலையில் நடந்ததை அவர் பார்க்க வழியில்லை.

வித்தியாசம் தேடும் முறை

வங்கியில் டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாத நாட்கள் உண்டு. அப்போது எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். வித்தியாசம் 9ஆல் மீதமின்றி வகுபட்டால் 54க்குப் பதில் 45 என்று இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவோம். எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போகும் வரிசை அது. கியர்பாக்ஸுக்கும் அதே வரிசைதான்.

முதலில் ஆயில் அளவு. ஓவர்ஹால் ஆன பெட்டியில் இது மிக முக்கியம். காலியான கன்வெர்ட்டரும் கூலர் குழாய்களும் நிரம்பியபோது அளவு இறங்கியிருக்கும். திரும்பப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டா, ஹூண்டாய் போன்ற பல வண்டிகளில் சூடான பிறகு, சமதளத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களில் என்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சில புதிய வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது, அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். அதிகமாக ஊற்றுவதும் தப்பு. சுற்றும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கொடுக்கும் சக்தி இல்லை.

ஆயில் எந்த ரகம் என்பதைப் பில்லில் பாருங்கள். வெறுமனே 'ஏடிஎஃப்' என்று போட்டிருந்தால் போதாது, கையேடு சொல்லும் ரகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

அடுத்து ஆயிலின் நிறம். நல்ல ஏடிஎஃப் கண்ணாடி போன்ற சிவப்பு. கருத்து, கருகிய வாசனை வந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நம் பி பிளாக் வண்டியில் கண்டது இதுதான். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு பொருள். தண்ணீர் பட்டால் ஊறி, பசை விட்டு உரிந்துவிடும். அங்கே புதிதாகப் போட்ட பிளேட்டுகள் வீணானது அதனால்தான். ரேடியேட்டரை மாற்றாமல் பெட்டியை மட்டும் எத்தனை முறை கட்டினாலும் பயனில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ பேஸ்மென்டில் நீர் புகுந்து நின்ற வண்டியைப் பழைய வண்டியாக வாங்கியவர்களும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பெட்டியில் காற்றுப் போக ஒரு மூச்சுத் துளை உண்டு, தண்ணீர் அதுவரை ஏறினால் உள்ளே போகும்.

மூன்றாவது, லீவர் கேபிள். 'ஆர்' போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா, கேமரா படம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் லீவர் காட்டும் இடமும் பெட்டியில் விழும் இடமும் வேறு வேறாக இருக்கலாம். சி பிளாக் நண்பர் வண்டியில் அப்படித்தான். லீவர் 'ஆர்' என்றது, பெட்டி பாதி வழியில் நின்றது. ஓவர்ஹாலின்போது கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டியவர்கள் அளவு வைக்கவில்லை. பத்து நிமிட வேலையில் சரியானது. அதற்கு முன்பு அவருக்கு வந்த எஸ்டிமேட், கியர்பாக்ஸை மறுபடி இறக்கச் சொல்லியிருந்தது.

விளக்கு எரிந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். வெளியே ஸ்விட்ச் சரியாக இருந்து, உள்ளே வால்வு பாடியை மாட்டும்போது அந்தக் கைவால்வு லீவரின் முளையில் கோக்கப்படாமல் விட்டுப்போவதும் உண்டு. அப்போது லீவர் நகரும், வால்வு நகராது. இதைச் சரி செய்யவும் பெட்டியை இறக்க வேண்டாம். அடியில் ஆயில் பேனைக் கழற்றினால் போதும்.

நான்காவது, கணினி. புதிய 6 கியர் பெட்டிகளில் ஓவர்ஹால் முடிந்ததும் ஸ்கேனர் வைத்து அடாப்டேஷன் செய்ய வேண்டும். செய்தார்களா என்று கேளுங்கள். பிழைக் குறியீடுகளை அச்செடுத்து வாங்குங்கள். பழைய 4 கியர் பெட்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் முழுக்க ஆயிலாலேயே நடக்கிறது. டொயோட்டாவின் ஏ140ஈ பெட்டியில் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டாலும் ரிவர்ஸ் விழ வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் ரிவர்ஸ் மட்டும் போகாததற்கு "கம்ப்யூட்டர் மாத்தணும்" என்றால் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

லெட்ஜர் மாதிரி ஓர் அட்டவணை

ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த கியரில் எந்தக் கிளட்ச், எந்த பிரேக் பிடிக்கிறது என்று ஓர் அட்டவணை சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் பரிச்சயமானது ஏ140 வகையறா. அதில் ரிவர்ஸுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் டைரக்ட் கிளட்ச். இன்னொருவர் ஃபர்ஸ்ட் அண்ட் ரிவர்ஸ் பிரேக். இருவரில் ஒருவர் வரவில்லை என்றாலும் வண்டி பின்னால் போகாது.

யார் வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே இருவர் வேறு எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டைரக்ட் கிளட்ச் மூன்றாவது கியரிலும் வேலை செய்கிறது. அது கெட்டிருந்தால் மூன்றாவது கியர் மாறும்போதும் என்ஜின் வீணாக இரையும். ஃபர்ஸ்ட் அண்ட் ரிவர்ஸ் பிரேக் 'எல்' போட்டு முதல் கியரில் போகும்போது வேலை செய்கிறது. காலியான சமதளச் சாலையில் 'எல்'லில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியை என்ஜின் பிடித்து இழுக்க வேண்டும். நியூட்ரலில் போவது போல வழுக்கிக்கொண்டு போனால் அந்த பிரேக் பிடிக்கவில்லை.

என் வண்டியில் மூன்றாவது கியர் பழுதில்லாமல் மாறியது. 'எல்'லில் என்ஜின் பிடிக்கவில்லை, வழுக்கியது. ஆகவே டைரக்ட் கிளட்ச் குற்றவாளி இல்லை. பிரேக்கோ, அதற்கு ஆயில் கொண்டுபோகும் வழியோதான்.

வொர்க்‌ஷாப்பில் வால்வு பாடி கெட்டுவிட்டது, அது எங்கள் ஓவர்ஹால் பில்லில் இல்லை, புதிது வாங்க வேண்டும் என்றார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, வால்வு பாடியைக் கழற்றிட்டு ஏர் டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. நான் உட்கார்ந்து பார்க்கிறேன்."

ஏர் டெஸ்ட் என்பது எளிய சோதனை. பெட்டி வண்டியிலேயே இருக்கும். பேனையும் வால்வு பாடியையும் கழற்றினால் ஒவ்வொரு கிளட்சுக்கும் ஆயில் போகும் துளைகள் தெரியும். அந்தத் துளையில் கம்ப்ரஸர் காற்றை விட்டால் பிஸ்டன் நகர்ந்து 'டொப்' என்று சத்தம் கேட்க வேண்டும். 'உஸ்ஸ்' என்று மட்டும் கேட்டால் சீல் கசிகிறது. டைரக்ட் கிளட்ச் துளையில் 'டொப்' கேட்டது. ரிவர்ஸ் பிரேக் துளையில் 'உஸ்ஸ்' தவிர வேறொன்றும் இல்லை. வால்வு பாடி மேசை மேல் இருந்தது. மேசை மேல் இருக்கிற வால்வு பாடி எப்படிக் கசிவுக்குக் காரணமாக முடியும்? அந்த இளைஞரே தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

பெட்டி இறங்கத்தான் வேண்டியிருந்தது. மாட்டும்போதே சீலின் உதடு மடிந்து கிழிந்திருந்தது. ஆனால் அந்த சீல் அவர்கள் பில்லில் இருந்த சாமான், அவர்கள் செய்த வேலை. கூலியும் பொருளும் அவர்கள் கணக்கிலேயே போனது. ஒரு புது வால்வு பாடியின் விலை எனக்கு மிச்சம். சண்டை எதுவும் போடவில்லை. காற்றின் சத்தத்தை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம், அவ்வளவுதான்.

கடிகாரமும் கேஜும்

தாமதமாக விழும் ரிவர்ஸுக்கு அளவு உண்டு. பழைய டொயோட்டா சர்வீஸ் புத்தகங்களில் டைம் லேக் டெஸ்ட் என்று இருக்கும். ஆயில் சூடாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்கப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, ஐடிலில் 'என்'னிலிருந்து 'ஆர்' போட்டு, வண்டியில் அந்தப் பிடிப்பு உணரப்படும் வரை எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். 1.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். 'என்'னிலிருந்து 'டி'க்கு 1.2 விநாடிக்குள். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்து சராசரி எடுக்க வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. மனைவியை லீவர் போடச் சொல்லி நீங்கள் பின்னால் நின்று பார்க்காதீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த படி பிரஷர் கேஜ். இது வொர்க்‌ஷாப் வேலை. 'டி'யிலும் 'ஆர்'ரிலும் அழுத்தம் எவ்வளவு, புத்தகத்தில் எவ்வளவு என்று நான்கு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டிலும் குறைவு என்றால் பொதுவான காரணம்: பம்ப், ஃபில்டர், ஆயில் அளவு. 'ஆர்'ரில் மட்டும் குறைவு என்றால் ரிவர்ஸ் வழியில் கசிவு, அல்லது அழுத்தத்தை உயர்த்தும் வால்வு. 'ஆர்'ரில் அழுத்தம் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட்டே தேய்ந்திருக்கிறது, இல்லையேல் பிளேட் கட்டின் இடைவெளி அளவாக வைக்கப்படவில்லை. ஸ்டால் டெஸ்ட் என்று பிரேக்கை மிதித்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது. அதை 5 விநாடிக்கு மேல் செய்யக் கூடாது. நாம் செய்யவே கூடாது, அதுவும் பேஸ்மென்டில்.

நம் பேஸ்மென்டில் செய்யக் கூடாதவை

ரிவர்ஸ் விழவில்லை என்றால் மீண்டும் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். நழுவும் பிளேட் சில நிமிடங்களில் கருகிவிடும். சின்னச் செலவு பெரிய செலவாகும். அதைவிட முக்கியம், திடீரென்று பிடித்துவிட்டால் வண்டி பாய்ந்து பின்னால் போகும். நம் பேஸ்மென்டில் சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

சரிவுப் பாதையில் நின்றுவிட்டால் 'பி' பூட்டை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு சின்னக் கொக்கி. கால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக் போட்டு, அதன் பிறகு 'பி'. செக்யூரிட்டியை அடைக்கட்டை கொண்டுவரச் சொல்லிச் சக்கரத்துக்குக் கொடுத்த பிறகே இறங்குங்கள். சங்கம் இரண்டு மரக்கட்டைகளைச் செக்யூரிட்டி அறையில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ரிவர்ஸ் சந்தேகமாக இருக்கும் நாட்களில், வண்டியை முன்னால் ஓட்டியே வெளியே எடுக்கக்கூடிய விருந்தினர் இடத்தைத் தற்காலிகமாகக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் பின் ஒருவர் நிறுத்தும் இடத்தில் உங்கள் வண்டி மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போக முடியாது. நட்பு கெடுவது கியர்பாக்ஸை விடப் பெரிய நஷ்டம்.

தாள் பேச வேண்டும்

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்டது. ஓவர்ஹாலுக்குக் கொடுக்கும்போதே வாரன்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். போட்ட சாமான்களின் பட்டியல் பில்லில் இருக்க வேண்டும். "சீல் கிட், பிளேட் செட், ஃபில்டர்" என்று தனித்தனியாக. பழைய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள்.

பழுதோடு திரும்பப் போகும்போது ஜாப் கார்டில் "ரிவர்ஸ் பிரச்சினை" என்று எழுத விடாதீர்கள். "குளிரில் ஆர் போட்டால் 4 விநாடி தாமதம், சூடான பின் நழுவுகிறது, எல்லில் என்ஜின் பிடிப்பு இல்லை, மூன்றாவது கியர் சரி" என்று எழுதச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் இருக்கட்டும்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க சார், செட் ஆயிடும்" என்பார்கள். வங்கியில் வித்தியாசம் கிடைக்காத நாளில் அதை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒருநாள் அதைத் தீர்த்தே ஆக வேண்டும். வாரன்டி முடியும் தேதிக்குப் பிறகு அந்த நாள் வரக் கூடாது, அதுதான் முக்கியம். ஓட்டிப் பார்க்கச் சொன்னதையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிட்டு ஓட்டுங்கள்.

பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் பேசப் போவது உங்கள் தாள்தான்.

கேள்வி நேரம்

*அங்கிள், என்னோடது ஏஎம்டி. இதெல்லாம் பொருந்துமா?*

பொருந்தாதுப்பா. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உன் காலுக்கும் கைக்கும் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. அங்கே ரிவர்ஸ் விழவில்லை என்றால் ஆக்சுவேட்டர், கிளட்ச் தேய்மானம், ஸ்கேனர் குறியீடு என்று வேறு வரிசையில் போக வேண்டும். ஆனால் ஜாப் கார்டில் எப்படி எழுதுவது என்று சொன்னது எல்லாருக்கும் பொருந்தும்.

*சிவிடி வண்டிக்கு?*

பாதி பொருந்தும் மேடம். பல சிவிடிகளில் முன்னால் போக ஒரு கிளட்ச், பின்னால் போக ஒரு பிரேக் இருக்கிறது. ஆயில் அளவு, கேபிள், விளக்கு எல்லாம் அதே சோதனைதான். ஆனால் ஆயில் வேறு. சிவிடிக்கு உரியதைத்தான் ஊற்ற வேண்டும், சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டே போய்விடும்.

*கசிவை நிறுத்த ஆயிலில் கலக்கும் மருந்து விற்கிறார்களே சார், அதை ஊற்றிப் பார்க்கலாமா?*

சீலை உப்ப வைத்துக் கொஞ்ச நாள் ஓட்ட அது உதவலாம். ஆனால் வாரன்டி இருக்கும்போது வேண்டாம். "நீங்க எதையோ ஊத்திட்டீங்க" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கிழிந்த உதட்டை எந்த மருந்தும் ஒட்டாது.

*நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?*

கூடாது சார். என்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது, உள்ளே ஆயில் போகாது. ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் பெட்டி வறண்டு தேயும். முழு வண்டியையும் ஏற்றிப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள். நம் கேட் உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மென்டுக்குள் அது வராது, சரிவு மேல் வரை சிறு சக்கரத் தள்ளுவண்டி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

அட்டவணையைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் சர்வீஸ் புத்தகத்தோடு மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.